ரேடியோ நின்றுபோனால் இறங்குவது எப்படி?

போடிநாயக்கனூரில் விமான நிலையம் கிடையாது. டவரும் நீளமான ஓடுபாதையும் வேண்டுமென்றால் கிழக்கே மதுரைக்குத்தான் போக வேண்டும். நேர்கோட்டில் சுமார் 45 நாட்டிகல் மைல், அதாவது 83 கிலோமீட்டர். மேற்கே கொச்சி சுமார் 57 நாட்டிகல் மைல். ஆனால் இடையில் மலைத்தொடர் முழுக்க நிற்கிறது. தென்மேற்கில், வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி.யின் சிறு ஓடுபாதை ஒன்று இருக்கிறது. 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ. ரக மைக்ரோலைட் ஒன்று அங்கே முதன்முதலாக இறங்கியது. ஏலத்தோட்டங்களுக்கு மேலே பறக்கிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய இடங்கள் இவை மூன்றும்தான்.

இவற்றில் எதற்குப் போவது, எந்த வழியாகப் போவது என்பதை ரேடியோ கெட்ட பிறகு யோசிக்கக் கூடாது. கிளம்புமுன்பே முடிவெடுத்து, காகிதத்தில் எழுதி, தொடையில் கட்டும் பலகையில் செருகியிருக்க வேண்டும். ரேடியோ இழந்த விமானியிடம் தரையில் இருப்பவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் அடுத்து என்ன செய்வார் என்று தங்களால் ஊகிக்க முடிய வேண்டும். அதை வைத்துத்தான் டவரில் இருப்பவர் மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிடுவார். கீழே வரும் விதிகள் எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து வந்தவை. சாமர்த்தியமாக ஏதோ புதிதாகச் செய்கிறேன் என்று கிளம்புகிறவர், தனக்கும் பிறருக்கும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்.

மலை மறைக்கும் குரல்

விமானத்து ரேடியோ விஎச்எஃப் அலைவரிசையில் பேசுகிறது. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலையைச் சுற்றி வளைந்து வராது. சமதளத்தில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் உயரத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் நாட்டிகல் மைல் கிடைக்கும். தரையிலிருந்து 2,000 அடியில் 55 மைல், 3,000 அடியில் 67 மைல். காகிதத்தில் பார்த்தால் போடிக்கு மேலே 2,000 அடியில் இருப்பவருக்கு மதுரை டவர் கேட்க வேண்டும்.

ஆனால் நடுவில் ஆண்டிபட்டி மலைகள் இருக்கின்றன. வடக்கே பழனி மலை, தெற்கே வருசநாடு, மேகமலை. கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கில் குரங்கணிப் பக்கம் நுழைந்துவிட்டாலோ மூன்று பக்கமும் சுவர்தான். அங்கே டவர் பதில் சொல்லவில்லை என்றால் ரேடியோ கெட்டுவிட்டது என்று பொருளில்லை. மலை மறைக்கிறது, அவ்வளவுதான். பல நேரங்களில் போடிப் பக்கமாகத் திரும்பி, சமவெளிக்கு மேலே வந்து, ஆயிரம் இரண்டாயிரம் அடி ஏறினாலே குரல் திரும்ப வந்துவிடும். ஆகவே இந்த மலைச்சரிவில் முதல் சிகிச்சை எந்தப் பொத்தானிலும் இல்லை. இடம் மாறுவதிலும் உயரத்திலும் இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. ‘உயரம் ஏறு’ என்றால் மலையை நோக்கி ஏறுவதல்ல. போடி ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கொழுக்குமலை கிட்டத்தட்ட 8,000 அடி. ஒரு சிறு விமானம் நிமிடத்துக்கு 500 அடி ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,000 அடி ஏற 14 நிமிடம் ஆகும். 90 நாட் வேகத்தில் அந்த 14 நிமிடத்தில் 21 நாட்டிகல் மைல் போயிருப்பீர்கள். மலையோ 9 மைலுக்குள் வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளப் பக்கத்திலிருந்து முகட்டைத் தாண்டி வரும் காற்று போடிப் பக்கம் கீழ்நோக்கி விழும். அப்போது அந்த 500 அடியும் கிடைக்காது. ஏறுவதென்றால் மலைக்கு முதுகைக் காட்டி, சமவெளிக்கு மேலே வட்டமிட்டு ஏறுங்கள்.

முதல் இரண்டு நிமிடம்

இடம் மாறியும் பதில் வரவில்லையா? விமானத்தை நேராகவும் சமமாகவும் பறக்கவிட்டு, பிறகு கையை நகர்த்துங்கள். பறப்பது முதல் வேலை, வழி பார்ப்பது இரண்டாவது, பேசுவது மூன்றாவது. ரேடியோவைக் குடைந்துகொண்டே மலைக்குள் போனவர்களின் கதை உலகம் முழுக்க விசாரணை அறிக்கைகளில் இருக்கிறது.

ஒலியளவுத் திருகு, ஸ்கெல்ச், ஹெட்செட் பிளக் இம்மூன்றும் முதலில். பிளக் அரைகுறையாக வெளியே வந்திருப்பது மிகச் சாதாரணம். முழங்கால் பட்டே கழன்றிருக்கும். அடுத்து அலைவரிசை எண். ஓர் இலக்கம் தவறியிருந்தாலும் நீங்கள் யாருடனோ பேசுகிறீர்கள், அல்லது யாருடனும் பேசவில்லை. கடைசியாகத் தெளிவாகப் பேசிய அலைவரிசைக்குத் திரும்பிப் பாருங்கள். பெரிய விமானங்களுக்கும் இது நேரும். 2017 பிப்ரவரி 16 அன்று மும்பையிலிருந்து லண்டனுக்குப் போன ஜெட் ஏர்வேஸ் விமானம் ஜெர்மனி வானில் தரையுடன் தொடர்பை இழந்தது. ஜெர்மன் போர் விமானங்கள் பக்கத்தில் வந்து நின்றன. அதற்குப் பிறகே தொடர்பு மீண்டது. பேசாத விமானத்தை எந்த நாடும் சும்மா விட்டுவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அடுத்து, பேசும் பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோ முகப்பில் சிறிய ‘டிஎக்ஸ்’ எழுத்து விடாமல் எரிந்துகொண்டிருந்தால் உங்கள் மைக் திறந்தே இருக்கிறது. உங்களுக்கும் எதுவும் கேட்காது, அந்த அலைவரிசையில் வேறு யாராலும் பேசவும் முடியாது. பொத்தானை விரலால் தட்டி விடுவியுங்கள். விடாவிட்டால் ஹெட்செட்டின் மைக் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். பிறகு இரண்டாவது ரேடியோ, சர்க்யூட் பிரேக்கர், ஆம்மீட்டர். ஆல்டர்னேட்டர் செத்து பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தால், ரேடியோ போனது நோயின் முதல் அறிகுறி மட்டுமே. அடுத்து, ராடாருக்கு உங்கள் அடையாள எண்ணைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் போகும். அப்படியானால் வேண்டாத மின்சாதனங்களை உடனே அணைத்துவிடுங்கள்.

கையடக்க ரேடியோ ஒன்றைப் பையில் வைத்திருப்பது இந்தப் பகுதியில் பறப்பவருக்கு ஆடம்பரமல்ல. கைப்பேசியும் உதவும். மதுரை டவரின் தொலைபேசி எண்ணைக் கிளம்புமுன் வாங்கிக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மலைச்சரிவில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். தேனிப் பக்கம் சமவெளிக்கு வந்ததும் கிடைக்க வாய்ப்பு அதிகம். புளூடூத் உள்ள ஹெட்செட்டானால் எஞ்சின் சத்தத்திலும் பேசிவிடலாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600 வையுங்கள். உலகம் முழுவதும் இதற்கு ஒரே பொருள்: என் ரேடியோ போய்விட்டது. 7700 பொது ஆபத்துக்கு, 7500 விமானக் கடத்தலுக்கு. எண்ணைத் திருப்பும்போது அவசரத்தில் 7500ஐத் தொட்டுவிடாதீர்கள். கூடவே, யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தாலும் பேசுங்கள். உங்கள் ரிசீவர் மட்டும் கெட்டிருக்கலாம். டவருக்கு நீங்கள் சொல்வது கேட்டுக்கொண்டே இருக்கலாம். “மதுரை டவர், மதுரை டவர்” என்று அழைத்து, உங்கள் பதிவெழுத்துகளைச் சொல்லி, “டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட் டியூ டு ரிசீவர் ஃபெயிலியர்” என்று சேர்த்து, எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு உயரம், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குச் சேருவீர்கள் என்பதை முழுதாக இரண்டு முறை சொல்லுங்கள். அடுத்து எப்போது பேசுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையையும் முயன்று பாருங்கள். மேலே உயரத்தில் போகும் பயணிகள் விமானம் ஒன்று அதைக் கேட்டு டவருக்குச் சொல்லிவிடலாம்.

இதற்கு நேர்மாறாக, உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது மட்டும் போகவில்லை என்றிருக்கலாம். அதைச் சோதிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு (ஏடிசி) உங்களிடம், “கேட்டால் ஐடென்ட் அழுத்தவும்” என்றோ, ஒரு பக்கம் திரும்பச் சொல்லியோ பார்க்கும். சொன்னபடி செய்தால் போதும். அதன் பிறகு அவர்கள் பேசுவார்கள், நீங்கள் விமானத்தால் பதில் சொல்வீர்கள்.

கண்ணுக்கு வழி தெரியும்போது

வானம் தெளிவாக இருந்தால் விதி சுருக்கமானது. தெளிந்த வானிலையிலேயே தொடர்ந்து பறங்கள்; அருகில் உள்ள தகுந்த விமான நிலையத்தில் இறங்குங்கள்; இறங்கியதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஏடிசிக்குத் தெரிவியுங்கள். ‘அருகில்’ என்பதைவிட ‘தகுந்த’ என்பதை அழுத்திப் படியுங்கள். சத்திரம் ஓடுபாதையின் நீளம் 650 மீட்டர். 2022 ஜூலை மழையில் அதன் ஒரு பகுதி சரிந்தது. அங்கே ஒளி சிக்னல் காட்ட டவர் இல்லை. அந்த ஓடுபாதை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கிளம்புமுன் உறுதி செய்துகொண்டவர் தவிர, மற்றவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அதேபோல, ரேடியோ போனதற்காக மட்டும் போடிப் பக்கத்துத் தென்னந்தோப்பையோ வயலையோ தேடாதீர்கள். எஞ்சின் ஓடுகிறது, எரிபொருள் இருக்கிறது, வழி தெரிகிறது என்றால் அது அவசரத் தரையிறக்கத்துக்கான காரணமே அல்ல. ஏலத்தோட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலிருந்து பார்த்தால் பசுமையாக, மெத்தையாகத் தெரியும் அத்தனையும் உயர்ந்த நிழல் மரங்களின் தலை.

ஆக, மதுரை. போடியிலிருந்து மதுரைக்கு வழி காட்ட ரயில் பாதை இருக்கிறது. மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப் பாதையாகி, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 முதல் போடி வரைக்கும் மறுபடி ஓடுகிறது. போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை என்று சுமார் 90 கிலோமீட்டர். தண்டவாளம் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி, அதன் வலப்புறமாகப் பறங்கள். எதிரே அதே பாதையைப் பிடித்து வருகிறவரும் இப்படியே செய்தால் இருவரும் மோத மாட்டீர்கள். தேனி தாண்டியதும் இடப்பக்கம் வைகை அணையின் நீர்ப்பரப்பு தெரியும். அது தெரிந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நிறைய நிற்கின்றன. மங்கலான வானிலையில் தாழப் பறந்து தண்டவாளத்தைத் தேடாதீர்கள். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இருபுறமும் மலை. அங்கே மேகம் கவிந்திருந்தால் நுழையாமல் தேனிச் சமவெளிக்கு மேலேயே சுற்றிக் காத்திருப்பது மேல்.

உசிலம்பட்டிக்குப் பிறகு ரயில் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. அது நாகமலையை ஒட்டி மதுரை நகருக்குள் போகிறது. விமான நிலையமோ நகருக்குத் தெற்கே இருக்கிறது. திருப்பரங்குன்றம் மலை நல்ல அடையாளம்: நிலையம் அதற்குத் தெற்கே, சற்றுக் கிழக்காக, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09, 27 என்று அமைந்தது. இதில் மேற்கிலிருந்து வருகிறவர் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஓடுபாதையின் நேர்கோடு மேற்கே திருமங்கலம் பக்கமாக நீள்கிறது. 09இல் இறங்கும் விமானங்கள் அந்த வழியாகத்தான் வரும். 27இலிருந்து ஏறும் விமானங்கள் அந்த வழியாகத்தான் போகும். போடியிலிருந்து நேராகக் கோடு போட்டு வந்தால் அந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே வந்து சேருவீர்கள். பேச முடியாத சிறு விமானம் ஏர்லைன் விமானத்தின் மூக்குக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. ஆகவே தொலைவிலேயே ஒதுங்கி, மற்ற விமானங்கள் எந்தத் திசையில் இறங்குகின்றன, காற்றுப்பை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்து, பிறகு டவுன்விண்டில் சேருங்கள். சர்க்யூட் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், உள்ளூர் ஏற்பாடு என்ன என்பதை விமானத் தகவல் வெளியீடான ஏஐபியில் படித்துக் கிளம்புமுன்பே குறித்திருக்க வேண்டும். லேண்டிங் லைட்டை எரியவிடுங்கள்.

இனி உங்கள் கண் டவரில்தான். அங்கிருந்து சிக்னல் விளக்கு ஒன்றை உங்களை நோக்கிக் காட்டுவார்கள். நிலையான பச்சை: இறங்கலாம். நிலையான சிவப்பு: மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டுவிட்டு எரியும் பச்சை: இறங்குவதற்குத் திரும்பி வா, இறங்கும் அனுமதி அடுத்து வரும். விட்டுவிட்டு எரியும் சிவப்பு: நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. விட்டுவிட்டு எரியும் வெள்ளை: இந்த நிலையத்திலேயே இறங்கி ஏப்ரனுக்கு வா. வானில் சிவப்பு வெடிவிளக்கு எழும்பினால், முன்பு என்ன சொல்லியிருந்தாலும் சரி, இப்போதைக்கு இறங்காதே என்று பொருள்.

விட்டுவிட்டு எரியும் பச்சையை நிலையான பச்சையாக எடுத்துக்கொள்வதுதான் பயிற்சி மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. நண்பகல் வெயிலில் விளக்கு மங்கலாகத்தான் தெரியும். ஒரு நொடி பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மூன்று நான்கு நொடி தொடர்ந்து பாருங்கள். சந்தேகமென்றால் இன்னொரு சுற்று சுற்றுங்கள். அதற்கும் சேர்த்து எரிபொருள் வைத்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாது. வண்ணப் பென்சிலால் வரைந்து பலகையில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் மனப்பாடம் கைகொடுக்காது, வரைந்த படம் கைகொடுக்கும்.

சிக்னல் புரிந்தது என்பதற்குப் பகலில் இறக்கைகளை இருபுறமும் ஆட்டிக் காட்டுங்கள். பேஸிலும் ஃபைனலிலும் இதைச் செய்ய வேண்டாம்; அங்கே விமானம் தாழ்வாகவும் மெதுவாகவும் போகிறது, டவரும் அதை எதிர்பார்க்காது. இருட்டில் லேண்டிங் லைட்டை இரண்டு முறை எரித்து அணையுங்கள். இறங்கிய பிறகும் விளக்கின் பேச்சு முடிவதில்லை. தரையில் விட்டுவிட்டு எரியும் பச்சை டாக்ஸி போக அனுமதி. நிலையான சிவப்பு நில். விட்டுவிட்டு எரியும் சிவப்பு ஓடுபாதையை விட்டு உடனே விலகு. அங்கே அய்லரானையோ ரடரையோ அசைத்துப் பதில் சொல்லலாம்.

வழியில் போர் விமானமோ ராணுவ ஹெலிகாப்டரோ பக்கத்தில் வந்து இறக்கையை ஆட்டினால், நீங்களும் ஆட்டிவிட்டு அதன் பின்னால் போங்கள். நம் நாட்டில் பெரும்பாலான பறத்தலுக்கு ஏர் டிஃபன்ஸ் கிளியரன்ஸ் எண் வாங்கித்தான் கிளம்புகிறோம். அந்த எண்ணும் பறத்தல் திட்டமும் 7600உம் சேர்ந்துதான் நீங்கள் யார் என்பதைச் சொல்கின்றன. திட்டத்தில் இல்லாத திசையில் பேசாமல் போகும் விமானம் எவருக்கும் கவலை தரும்.

மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால்

கருவிகளை நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் விமானிக்கு விதி நீளமானது. அதன் சாரம் கடிகாரம். ராடார் கண்காணிப்பு இல்லாத வானில், கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய புள்ளியில் பேச முடியாமல் போனதிலிருந்து 20 நிமிடம், கடைசியாகச் சொல்லப்பட்ட உயரத்தையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். கண்காணிப்பு உள்ள வானில் அது 7 நிமிடம். அதன் பிறகே தாக்கல் செய்த பறத்தல் திட்டத்தில் உள்ள உயரத்துக்கும் வேகத்துக்கும் மாறலாம். ஏடிசி திசை காட்டித் திட்டத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோயிருந்தால், அடுத்து வரும் முக்கியப் புள்ளிக்குள் திட்டப் பாதையில் மறுபடி சேர்ந்துவிட வேண்டும். சொல்லப்பட்ட உயரம் அந்த இடத்தின் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைவிடக் குறைவென்றால் பாதுகாப்பு உயரமே மேலானது.

மலைப்பகுதியில் அந்தக் குறைந்தபட்சம் என்பது, நீங்கள் இருப்பதாகக் கணிக்கும் இடத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயரமான முகட்டுக்கு மேலே 2,000 அடி. ஆனைமுடி 8,842 அடி. அதன் அருகே 10,842 அடிக்குக் கீழே மேகத்துக்குள் இருப்பவர் எந்த விதியையும் நம்பிப் பயனில்லை.

இனி இறங்குவது. மதுரைக்கு வந்து சேரும் நேரம் காலை 10.40 என்று திட்டத்தில் இருக்கிறது என்போம். நிலையத்தின் வழிகாட்டிக் கருவிக்கு மேலே போய்ச் சுற்றிக் காத்திருங்கள். எதிர்பார்க்கும் அணுகு நேரம் 10.50 என்று ஏடிசி சொல்லி, நீங்களும் அதை ஏற்றுப் பதில் சொல்லியிருந்தால், 10.50க்கு அல்லது அதற்கு முடிந்த அளவு நெருக்கமாகக் கீழே இறங்கத் தொடங்குங்கள்; 11.20க்குள் தரையில் இருங்கள். அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 10.40க்குத் தொடங்கி 11.10க்குள் இறங்குங்கள். அந்த அரை மணி நேரத்தைத்தான் ஏடிசி உங்களுக்காகத் துடைத்து வைத்திருக்கும். இங்கே புரிவதற்காக இந்திய நேரத்தைச் சொன்னேன். பலகையில் யூடிசி நேரத்தையே எழுதுங்கள். சீக்கிரம் வந்துவிட்டோமே என்று முன்னதாக இறங்குகிறவர், அவருக்குக் கீழே இன்னும் வேறொரு விமானம் இருக்கலாம் என்பதை மறக்கிறார்.

கண்ணால் வழி பார்த்துப் பறக்கும் சிறு விமானிக்கு இந்தப் பகுதியைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. ரேடியோ போன பதற்றத்தில் மேகத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள் என்பதற்காகவே. 2021 டிசம்பர் 8 அன்று ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேருடன் சூலூரிலிருந்து 11.48க்குக் கிளம்பிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 அளவில் சூலூர் ஏடிசியுடன் தொடர்பு அற்றது. ரேடியோ கெட்டது அங்கே காரணமில்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் நுழைந்து, திசையுணர்வு குழம்பி, விமானியின் கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் மோதியது என்று முப்படை விசாரணை கண்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்தது இது. ரேடியோ இல்லாமல் பத்திரமாக இறங்கிய விமானங்கள் எத்தனையோ உண்டு. மலைக்கு நடுவே மேகத்துக்குள் வழி தெரியாமல் இறங்கிப் பிழைப்பது அரிது.

போடியில் நின்று மேற்கே பார்த்தாலே கொஞ்சம் புரியும். போடிமெட்டுக்கு ஏறும் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மேல் வளைவுகள் மறைந்திருந்தால் முகட்டில் மேகம் தங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அது கேரளப் பக்கத்திலிருந்து வழிந்து வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் போடிப் பக்கமே மேகம் கட்டி, மதியத்துக்கு மேல் இடி இடிக்கும். அப்படிப்பட்ட நாளில் மலைப் பறத்தலையே தள்ளிவைப்பது நல்லது.

தரையில் இருப்பவர்களுக்கு

தோட்டத்து மேஸ்திரிகள், ஜீப் ஓட்டுநர்கள், வனத்துறையினர், மலையேறுகிறவர்கள் இந்த நூலைப் புரட்டக்கூடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. மீட்புக்குச் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. போன் சிக்னல் இல்லாத சரிவில் நிற்கிறவரும் ரேடியோ இழந்த விமானியும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உலகம் முழுவதும் ஏற்ற குறிகள் உண்டு. திறந்த பாறையிலோ புல்வெளியிலோ, துணி, கிளை, கல் எதையாவது வைத்து, இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளத்தில், தரையின் நிறத்திலிருந்து பளிச்சென்று தெரியும்படி அமைக்க வேண்டும். ஆங்கில ‘வி’ வடிவம் உதவி தேவை. பெருக்கல் குறி மருத்துவ உதவி தேவை. ‘ஒய்’ வடிவம் ஆம். ‘என்’ வடிவம் இல்லை. அம்புக்குறி, இந்தத் திசையில் போகிறோம் என்பது. மேலே போகும் விமானம் இறக்கையை ஆட்டினால் உங்கள் குறியைப் புரிந்துகொண்டது என்று பொருள். அதன் பிறகு இடத்தை விட்டு அலையாதீர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறங்கிய பிறகு

வர வேண்டிய தகவல் வரவில்லை, அல்லது சேர வேண்டிய நேரம் கடந்து 30 நிமிடமாகியும் விமானம் வரவில்லை என்றால் ஏடிசி ஐயநிலையை அறிவிக்கும். அடுத்தது எச்சரிக்கை நிலை. இறங்க அனுமதி பெற்ற விமானம் கணித்த நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்குள் இறங்காமல், தொடர்பும் இல்லாமல் போனால் அது நேராகவே வரும். அதற்கு மேல் ஆபத்து நிலை, தேடுதல். நீங்கள் பத்திரமாக வேறெங்காவது இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கலாம். அதே நேரம் உங்களைத் தேடி ஹெலிகாப்டர் ஒன்று மேகமலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும், வனத்துறை ஆட்கள் டார்ச்சோடு சரிவில் ஏறிக்கொண்டிருப்பார்கள். எஞ்சினை அணைத்ததும் முதல் போன் டவருக்குப் போடுங்கள். மதுரையைத் தவிர வேறெங்கு இறங்கியிருந்தாலும், எந்த நிலையத்துக்குத் திட்டம் கொடுத்தீர்களோ அங்கேயும் சொல்லுங்கள். வீட்டுக்குப் போடும் போன் அதற்கு அப்புறம்.